சட்டம் யாருடைய சொல்?

(கொல்லிமலை செம்மேட்டில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம் "சட்டத்தின் தன்மை" என்பதாகும். இதைக் கேட்டவுடன், இது வக்கீல்களுக்கும் ஜட்ஜுகளுக்கும் உரிய சங்கதியாயிற்றே, மிளகும் காப்பியும் பயிரிட்டுப் பாடுபடுகிற நமக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நீங்கள் சட்டத்தைப் பற்றி நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் சட்டம் உங்களை விட்டுவிடப் போவதில்லை. உங்கள் நிலத்துப் பட்டாவில் யார் பெயர் இருக்கவேண்டும், காட்டுக்குள் நீங்கள் எதுவரை போகலாம், உங்கள் காலத்துக்குப் பின் உங்கள் மகளுக்கு ஏதாவது சேருமா சேராதா என்பவைகளையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. நம்மை இவ்வளவு தூரம் ஆளுகிற ஒன்றை இன்னதென்று தெரிந்துகொள்ளாமலே காலம் கழிப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

நாம் சட்டப் பரீட்சை தேறியவர் அல்ல. ஆதலால் நாம் சொல்லுவதையெல்லாம் அப்படியே நம்பிவிட வேண்டும் என்று கேட்கவில்லை. உங்கள் சொந்த அறிவைக்கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை ஏற்றுக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இன்று காலை காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இங்கு வந்து சேர்ந்தோம். குறுகலான ஓர் இடத்தில் மேலேயிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. நமது பஸ் ஏறி வருவதைக் கண்டதும் அந்த லாரிக்காரர் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் விதி. இது மோட்டார் சட்ட விதிகளிலும் இருக்கிறது. இந்த விதியை எந்தக் கடவுள் சொன்னார்? எந்த ரிஷி தவம் செய்து கண்டுபிடித்தார்? ஒருவரும் இல்லை. பாரத்தோடு ஏறுகிற வண்டி நடுவில் நின்றுவிட்டால் மறுபடியும் கிளப்புவது கஷ்டம், பின்னுக்கு உருண்டுவிடும் அபாயமும் உண்டு, இறங்குகிற வண்டிக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை என்று மனிதர்கள் யோசித்துப் பார்த்துத் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல முடிகிறது. பணக்காரன் வண்டிக்கு ஒன்று, ஏழை வண்டிக்கு ஒன்று என்று அதில் பேதம் இல்லை. நாளைக்குச் சாலையை அகலப்படுத்தி இரண்டு வண்டிகள் தாராளமாகப் போக வழிசெய்துவிட்டால் அந்த விதிக்கு வேலையில்லாமல் போய்விடும். யாரும் அதற்காக அழப்போவதில்லை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டம் யோக்கியமான சட்டமா அல்லவா என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.

கடவுள் கொடுத்த சட்டம்

சட்டம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உலகத்தில் பல காலமாகச் சொல்லப்பட்டுவந்த முதல் பதில், அது கடவுளிடமிருந்து வந்தது என்பது. சுமார் 3,750 வருஷங்களுக்கு முன் பாபிலோன் தேசத்தை ஆண்ட ஹமுராபி என்ற ராஜா தன் சட்டங்களை ஒரு பெரிய கருங்கல்லில் வெட்டிவைத்தான். அந்தக் கல் இன்று பாரீஸ் நகரத்துக் காட்சிச்சாலையில் இருக்கிறது. கல்லின் உச்சியில் ஒரு சித்திரம். சூரிய தெய்வம் உட்கார்ந்திருக்க, ராஜா அதன் எதிரில் வணங்கும் பாவனையில் நிற்கிறான். கீழே உள்ள சட்டங்களையெல்லாம் செய்தது ராஜாவும் அவன் ஆட்களும். ஆனால் மேலே மட்டும் தெய்வத்தைச் செதுக்கி வைத்தார்கள். ஏன்? ராஜா சொன்னான் என்றால் ஜனங்கள் ஏன் என்று கேட்டுவிடுவார்கள், தெய்வம் சொன்னது என்றால் கேட்கமாட்டார்கள் என்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

நம் நாட்டில் மனுவின் பெயரால் வழங்கும் நூலும் இதே விதமானதுதான். குற்றம் ஒன்றாக இருந்தாலும் செய்தவன் எந்த வருணம், செய்யப்பட்டவன் எந்த வருணம் என்று பார்த்துத் தண்டனை கூடும், குறையும். மலைச்சாலை விதியைக் கேட்டதுபோல் இதைப் பார்த்து ஏன் என்று கேட்டால், "பிரமன் அப்படிப் படைத்தான்" என்பதற்கு மேல் பதில் கிடையாது. 1927-ஆம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி மகாடு என்ற ஊரில் டாக்டர் அம்பேத்கரும் அவருடைய தோழர்களும் அந்த நூலைப் பகிரங்கமாகக் கொளுத்தினார்கள். தங்களைத் தாழ்த்துகிற சட்டம் எதுவானாலும், அதைச் செய்தது யாராகச் சொல்லப்பட்டாலும், அது தங்கள் ஒப்புதல் பெறாதது என்பதை அவர்கள் அதன்மூலம் உலகத்துக்குக் காட்டினார்கள்.

இதில் வெள்ளைக்காரனுடைய பங்கும் ஒன்று உண்டு. 1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்துக்கு ஒரு திட்டம் செய்தார். கலியாணம், வாரிசு, ஜாதி முதலிய விவகாரங்களில் இந்துக்களுக்குச் சாஸ்திரப்படியும் முஸ்லிம்களுக்குக் குரான்படியும் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பது அதன் சாரம். 1794-ல் மனு நூல் இங்கிலீஷில் அச்சாகி வந்தது. அதன்பின் சாஸ்திரத்தைக் கேட்டறியாத கோடிக்கணக்கான ஜனங்களுக்கும் கோர்ட்டுகள் சாஸ்திரத்தையே அளவுகோலாக்கத் தொடங்கின. நம் மாகாணத்தில் ஜில்லா ஜட்ஜாக இருந்த நெல்சன் என்ற ஆங்கிலேயரே 1877-ல் ஒரு புத்தகம் எழுதி, தமிழ்நாட்டு ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் இந்தச் சாஸ்திரங்களை அனுசரித்து நடப்பவர்களே அல்ல, அவர்கள் தலையில் இதைச் சுமத்துவது தப்பு என்று ஆட்சேபித்தார். ஜட்ஜுகள் அவர்மேல் கோபப்பட்டார்களே ஒழிய அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

ராஜாவின் கட்டளை

இரண்டாவது பதில், சட்டம் என்பது ஆளுகிறவனுடைய கட்டளை என்பது. ஜான் ஆஸ்டின் என்ற இங்கிலீஷ்காரர் 1832-ல் இதை விளக்கி எழுதினார். ஊரில் எல்லோரும் ஒருவனுக்கோ ஒரு சபைக்கோ கீழ்ப்படிகிறார்கள், அந்த ஒருவனோ வேறு யாருக்கும் கீழ்ப்படிவதில்லை, அவன் இடும் கட்டளை சட்டம், மீறினால் தண்டனை என்பது அவர் கொள்கை. சட்டத்தை ஆகாயத்திலிருந்து இறக்கி மனிதன் கையில் கொடுத்தவரையில் இது நல்ல காரியம்தான். மனிதன் செய்தது என்று ஒப்புக்கொண்டால் மனிதன் மாற்றலாம் என்பதும் கூடவே வந்துவிடுகிறது அல்லவா?

ஆனால் இதிலும் ஓட்டை இருக்கிறது. வழிப்பறிக்காரன் ஒருவன் கத்தியைக் காட்டிப் பணத்தை எடு என்கிறான். அதுவும் கட்டளைதான், மீறினால் தண்டனையும் உண்டுதான். அது சட்டமா? 1961-ல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஹார்ட் என்பவர் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். கத்திக்குப் பயந்து பணம் கொடுத்தவன் நிர்ப்பந்தத்தால் கொடுத்தான், ஆனால் கொடுக்கவேண்டியது தன் கடமை என்று அவன் நினைக்கவில்லை. ஒரு விதியைச் சட்டம் என்று சொல்லவேண்டுமானால், அதை இன்ன இடத்திலிருந்து, இன்ன முறையில் வந்தது என்று பார்த்து ஒப்புக்கொள்ளும் ஒரு பொது ஏற்பாடு சமூகத்தில் இருக்கவேண்டும் என்று அவர் சொன்னார்.

இதை விளக்க உங்கள் மலையே போதும். இந்த மலை ஒரு காலத்தில் வல்வில் ஓரிக்கு இருந்தது. ஓரியைக் காரி கொன்றான், மலை சேரனுக்குப் போயிற்று. பிறகு எத்தனையோ ராஜாக்கள். 1792-ல் திப்புவிடமிருந்து கும்பினிக்குப் போயிற்று. இன்று இது நாமக்கல் ஜில்லாவில் ஒரு தாலுகா. ஆளுகிறவன் மாறினான் என்பதற்காக, வளப்பூர் நாட்டிலோ வாழவந்தி நாட்டிலோ ஒரு கலியாணச் சண்டையை ஊர்க்கவுண்டர் தீர்த்துவைக்கும் முறை மறுநாளே மாறிவிடவில்லை. ஆகவே ராஜாவின் கட்டளைக்கு வெளியிலும் ஏதோ ஒன்று சட்டமாக இருந்து வந்திருக்கிறது என்பது தெரிகிறது.

அதோடு, முறைப்படி வந்த கட்டளை என்பதற்காகவே அது நியாயமாகிவிடாது. 1871-ல் ஒரு சட்டம் செய்து, சில வகுப்பாரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதிவைத்தார்கள். பிறந்த குழந்தை எந்தத் திருட்டைச் செய்தது? அந்தச் சட்டம் 1911-க்குப் பின் நம் மாகாணத்துக்கும் வந்து, 1947-ல்தான் இங்கு ஒழிந்தது. ஜெர்மனியில் ஹிட்லர் யூதர்களை மனிதர்களல்லாதவர்களாக்கியதும் சட்டங்களைக் கொண்டேதான். அந்த அக்கிரமத்தையெல்லாம் பார்த்தபின் ராட்புரூக் என்ற ஜெர்மன் சட்ட ஆசிரியர் 1946-ல், சகிக்கமுடியாத அளவுக்கு அநீதியான சட்டம் சட்டமென்ற பெயருக்கே யோக்கியதை உடையதல்ல என்று எழுதினார்.

வழக்கம் என்னும் சட்டம்

நிற்க, மூன்றாவது பதிலுக்கு வருவோம். இதுதான் உங்களுக்கு மிகவும் வேண்டியது. சட்டம் என்பது ஜனங்களுடைய வழக்கத்திலிருந்து, பாஷை வளர்வதுபோல் தானாக வளர்வது என்று சவினி என்ற ஜெர்மன் பண்டிதர் 1814-ல் சொன்னார். நம் நாட்டிலும் கோர்ட்டுகள் இதை ஒரு பாதி ஒப்புக்கொண்டன. இராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில் 1868-ல் லண்டன் பிரிவு கவுன்சில், தெளிவாக ருசுப்பிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட சாஸ்திரத்தைவிட மேலானது என்று தீர்ப்புச் சொல்லிற்று.

வழக்கம் என்றாலே கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. சமவெளியில் மேல்ஜாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் எட்டு வயதுப் பெண்ணை விதவையாக்கி மூலையில் உட்காரவைத்திருந்த காலத்தில், மலையாளி மக்களாகிய உங்கள் வழக்கத்தில் விதவைக்கு மறுமணம் இருந்தது. ஒத்துவராத புருஷனை விட்டு விலகவும் வழி இருந்தது. சாஸ்திரக்காரர்களுக்கு விதவா விவாகத்துக்கு 1856-ல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. விவாகரத்துக்கு நம் மாகாணத்தில் 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த விஷயங்களில் நாகரிகமற்றவர்கள் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் நல்லது இருக்கிறது என்பதற்காக எல்லாமே நல்லது என்று ஒப்புக்கொள்ள முடியுமா? இந்த மலையில் தகப்பன் நிலம் மகன்களுக்குப் பாகமாகிறது. மகளுக்குச் சீரும் சோறும் உண்டு, நிலம் கிடையாது என்பது நெடுநாளைய பேச்சு. ஏன் என்று கேட்டால், "காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் இந்த மலைக்கு வந்த காலம் முதல் அப்படித்தான்" என்கிறார்கள். அந்தக் கதையில் வருகிறவர்கள் அண்ணன் தம்பிகள். அக்காள் தங்கைகள் வந்து உட்கார்ந்து இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதம் சொன்னதாக அந்தக் கதைகூடச் சொல்லவில்லையே!

நிலம் ஆணுக்குத்தான் என்பது இயற்கையின் விதியாக இருந்தால் எல்லா மலைகளிலும் அப்படித்தானே இருக்கவேண்டும்? மேகாலயத்துக் காசி மலையிலும் பழங்குடி மக்கள்தான் இருக்கிறார்கள். அங்கே பரம்பரைச் சொத்து கடைசி மகளுக்குப் போகிறது. அவர்களும் எங்கள் முன்னோர் வழக்கம் என்றுதான் சொல்லுகிறார்கள். ஒரு மலையில் மகனுக்கு, இன்னொரு மலையில் மகளுக்கு என்றால், இரண்டையும் அந்தந்த இடத்து மனிதர்கள் அந்தந்தக் காலத்துக்குத் தோன்றியபடி செய்துகொண்டார்கள் என்பதுதானே அர்த்தம்?

வழக்கத்தை யார் எழுதிவைக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்குத் தேசவழமை என்று ஒரு சட்டம் இருக்கிறது. 1707-ல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அந்த ஊர் வழக்கங்களைக் கேட்டு எழுதி, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். 1806-ல் இங்கிலீஷ் சர்க்கார் அதற்குச் சட்ட பலம் கொடுத்தது. அதில் பெண்ணுக்குச் சீதனச் சொத்து உண்டு, வாஸ்தவம்தான். ஆனால் கலியாணமான பெண் தன் சொந்த நிலத்தையே விற்கவேண்டுமானால் புருஷன் எழுத்துமூலமாகச் சம்மதிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டமுறையில் இன்றும் நிற்கிறது. சரிபார்த்த பன்னிரண்டு பேரும் ஆண்கள். அவர்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டு எழுதியிருந்தால் இந்தச் சங்கதி இப்படியே எழுதப்பட்டிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

மலைமகளுக்கு எட்டாத சட்டம்

1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப்போலவே சொத்துப் பாத்தியதை வேண்டும் என்று தீர்மானித்தபோது சிரித்தவர்கள் அநேகம். 1956-ல் இந்து வாரிசுச் சட்டம் வந்தது. 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை அதைத் திருத்தி மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பாத்தியதை கொடுத்தது. 2005-ல் அது இந்தியா முழுமைக்கும் வந்தது.

அப்படியானால் கொல்லிமலைப் பெண்ணுக்கும் வந்துவிட்டதா என்றால், இல்லை. 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 2-ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. மத்திய சர்க்கார் கெஜட்டில் அறிவிக்கை செய்தாலொழிய இந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்பது அது. நாமக்கல்லில் இருக்கும் மகளுக்குச் சம பாகம், அங்கிருந்து மலையேறினால் பழங்குடி மகளுக்குச் சட்டத்தில் பேச்சே இல்லை. பழங்குடிகளுடைய வழக்கத்தில் வெளியார் கைவைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த பிரிவுதான் அது. ஆனால் வெளியார் கையைத் தடுக்கப்போய், உள்ளேயிருக்கிற மகளுடைய கையையும் கட்டிப்போட்டுவிட்டது.

இந்தக் கட்டை அவிழ்க்கப் பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பீகாரில் ஹோ முதலிய பழங்குடிப் பெண்கள் விஷயமாக நடந்த மது கிஷ்வர் வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, வழக்கத்தை ஒரேயடியாக ரத்துச் செய்யத் தயங்கி, பெண்கள் ஜீவனத்துக்காக நிலத்தை வைத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் காப்பாற்றிற்று. 2022-ல் ஒரிஸ்ஸாப் பெண் ஒருவர் வழக்கில், சட்டம் குறுக்கே நிற்பதால் தாங்கள் கொடுக்க முடியவில்லை, மத்திய சர்க்கார் சட்டத்தைத் திருத்த யோசிக்க வேண்டும் என்றது. 2023-ல் சென்னை ஹைக்கோர்ட்டு, மலையாளிப் பழங்குடிப் பெண்கள் பாகம் கேட்ட வழக்கிலேயே, அவர்களுக்குச் சம பாகம் உண்டு என்று தீர்ப்புச் சொல்லி, கெஜட்டு அறிவிக்கைக்கு முயற்சி எடுக்கும்படி மாநில சர்க்காருக்கும் சொல்லிற்று.

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இன்னும் முக்கியமானது. அது சத்தீஸ்கரில் கோண்டு வகுப்புப் பெண் ஒருவருடைய வாரிசுகள், தங்கள் தாய்வழிப் பாட்டனார் சொத்தில் பாகம் கேட்ட வழக்கு. கீழ்க் கோர்ட்டுகள், "பெண்ணுக்குப் பாகம் கொடுக்கும் வழக்கம் இருப்பதாக நீங்கள் ருசுப்பிக்கவில்லை, ஆகவே இல்லை" என்று தள்ளிவிட்டன. சுப்ரீம் கோர்ட்டு கேள்வியைத் திருப்பிப் போட்டது. பெண்ணுக்குப் பாகம் இல்லையென்று சொல்லும் வழக்கம் இருப்பதாக எதிர்த் தரப்பார் ருசுப்பித்தார்களா? அதுவும் இல்லையே! இரண்டு பக்கமும் ருசு இல்லாதபோது, பெண் என்பதற்காகவே இல்லையென்று எடுத்தவுடன் முடிவு செய்வானேன்? அது அரசியல் சட்டம் 14-ஆவது பிரிவின் சமத்துவத்துக்கு விரோதம் என்று கூறி, சம பாகம் கொடுத்தது.

தோழர்களே, இதைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். இத்தனை காலமும் ருசுப்பிக்கும் பாரம் யார் தலையில் இருந்தது? கேட்கிற பெண்ணின் தலையில். மறுக்கிறவனை யாரும் ருசு கேட்டதில்லை. "வழக்கம்" என்ற ஒரு சொல்லே அவனுக்குப் பத்திரமாகவும் சாட்சியாகவும் தீர்ப்பாகவும் இருந்துவந்தது. இல்லையென்று சொல்லுகிறவன்தான் காரணம் காட்டவேண்டும் என்று ஆகிவிட்டால், காரணம் இல்லாத வழக்கத்தில் பாதி அன்றைக்கே விழுந்துபோகும்.

ஆனால் இத்தோடு ஜெயித்துவிட்டதாக நாம் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. அதே 2025 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்து வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டு, 2-ஆவது பிரிவு இருக்கும்வரை இந்து வாரிசுச் சட்டத்தை ஒரு கோர்ட்டு தானாகப் பழங்குடிகளுக்குப் பொருத்திவிட முடியாது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இன்றைய நிலைமையில் ஒவ்வொரு பெண்ணும் வழக்காடி, சாட்சி சொல்லி, சமத்துவத்தின் பேராலும் நியாயத்தின் பேராலும் தன் பாகத்தைத் தனித்தனியாகப் பெறவேண்டியிருக்கிறது. எத்தனை பெண்களால் எழுபது வளைவு இறங்கி, கூலியை விட்டு, வருஷக்கணக்காக வாய்தாவுக்கு அலைய முடியும்?

ஒரு துண்டுச்சீட்டு

கூட்டம் ஆரம்பிக்கும்போது பெரியவர் ஒருவர் துண்டுச்சீட்டில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தார். "மகளுக்கு நிலம் கொடுத்தால், அவள் வெளியாரைக் கட்டிக்கொண்டால் மலை நிலம் கீழ்நாட்டான் கைக்குப் போய்விடாதா? எங்கள் வழக்கம் எங்கள் நிலத்துக்குக் காவல் அல்லவா?" என்பது அவருடைய கேள்வி.

இது வீம்புக்குக் கேட்கும் கேள்வி அல்ல. பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போவது இந்தியா முழுவதிலும் நடந்துவருகிற கொடுமை. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லாதபடியால் அந்தப் பாதுகாப்பும் உங்களுக்கு இல்லை. ஆதலால் அந்தப் பெரியவருடைய பயத்தை நாம் மதிக்கிறோம்.

ஆனால் அவரை நாம் ஒன்று கேட்கிறோம். இதுவரை எங்கெங்கே நிலம் வெளியாருக்குப் போயிருக்கிறதோ, அங்கெல்லாம் கைநாட்டு வைத்தவர் யார்? நிலம் யார் பேரில் இருந்ததோ அவர்தானே விற்றிருக்க முடியும்? பெண் பேரில் பட்டாவே இல்லாத இடத்தில் பெண் எப்படி விற்றிருப்பாள்? நிலம் வெளியே போவதுதான் நோய் என்றால், ஆண் விற்றாலும் பெண் விற்றாலும் வெளியாருக்குச் செல்லாது என்று சட்டம் கேளுங்கள். அதற்கு நாமும் உங்களுடன் சேர்ந்து கத்துகிறோம். வேலியில்லாத தோட்டத்துக்கு வேலி போடவேண்டுமே தவிர, வீட்டிலிருக்கும் ஒரு பிள்ளையை மட்டும் தோட்டத்துக்குள் வராதே என்று நிறுத்துவது வேலியாகுமா?

அரசியல் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, சட்ட பலமுள்ள வழக்கத்தையும் சட்டம் என்றே சொல்லுகிறது. சட்டமென்று பெருமை கொண்டாடினால், சட்டத்துக்குள்ள பொறுப்பும் அதற்கு வரவேண்டும். நாலு பேர் முன்னிலையில் நின்று காரணம் சொல்லவேண்டும்.

சட்டம் மாறுமா?

காலம் காலமாக இருப்பதை மாற்ற முடியுமா என்று சிலர் மலைக்கிறார்கள். நம் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரிந்த ஒரு சங்கதியையே சொல்லுகிறோம். புரோகிதன் இல்லாமல், மந்திரம் இல்லாமல், மாலை மாற்றிச் செய்துகொண்ட சுயமரியாதைக் கலியாணம் ஒன்று சட்டப்படி கலியாணமே ஆகாது என்று 1953-ல் சென்னை ஹைக்கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அப்படியே கலியாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களின் கதி என்ன ஆவது? 1967-ல் சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் செய்தது, 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. இனி நடப்பவை மட்டுமல்லாமல், முன்பு நடந்தவையும் செல்லும் என்று எழுதினார்கள். புருஷன் அவனே, மனைவி அவளே, அன்று போட்ட மாலையும் அதே மாலைதான். நேற்றுச் செல்லாதது இன்று செல்லுகிறது. சட்டத்துக்குத் தெய்வத் தன்மை இருந்தால் இது நடக்குமா? கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள், மாறிற்று. அவ்வளவுதான்.

நீங்கள் செய்யவேண்டியது பெரிய யுத்தம் ஒன்றும் அல்ல. கிராம சபை கூடும்போது பெண்களும் வந்து உட்கார்ந்து, மகளுக்குப் பாகம் வேண்டும் என்றும், 2-ஆவது பிரிவின்படி அறிவிக்கையோ அல்லது மலைமக்களைக் கலந்துகொண்டு தனிச் சட்டமோ வேண்டும் என்றும் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி கொடுக்கும் பட்டாவில் புருஷன் பெண்சாதி இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பது சட்டம். உங்கள் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பெண்ணின் பெயர் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டப்படி பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கவேண்டும். அதைப் பிச்சையாக நினைக்காமல் உரிமையாகக் கேட்டு வாங்குங்கள். தகப்பன்மார்களே, நீங்களே சம்பாதித்து, கைமாற்றத் தடையில்லாத நிலம் ஏதாவது இருந்தால், நீங்கள் உயிரோடிருக்கும்போதே அதில் ஒரு பாகத்தை மகள் பேருக்கு எழுதி ரிஜிஸ்தர் செய்துவையுங்கள். டெல்லியிலிருந்து கெஜட்டு வரும்வரை உங்கள் மகள் காத்திருக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை.

கடவுள் சொன்னது, ராஜா சொன்னது, பாட்டன் சொன்னது என்று மூன்று விதமாகச் சட்டத்துக்குப் பிறப்புச் சொல்லுகிறார்கள். யார் சொன்னார்கள் என்பதோடு விட்டுவிடாமல், ஏன் சொன்னார்கள், யாரைக் கேட்டுச் சொன்னார்கள், யாருக்குச் சுகம், யாருக்குக் கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுகிற சட்டத்துக்குத் தாராளமாகக் கீழ்ப்படியுங்கள். பதில் சொல்ல முடியாததை மாற்றப் பாடுபடுங்கள். இன்று இங்கு கூடியிருக்கும் பெண்கள், வீட்டுக்குப் போனதும் அண்ணன் தம்பிகளிடமும் தகப்பனாரிடமும் சண்டை போடாமல், "எனக்கு ஏன் இல்லை?" என்று அமைதியாக ஒரு தரம் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். அவர்கள் சொல்லும் பதிலை அடுத்த கூட்டத்தில் வந்து எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்.